இணையத்தளம் அமைத்தாயிற்று, பராமரிப்பது யார்?

லிட்டில் இந்தியாவில் ஒரு சிறு கடைக்கு இணையத்தளம் அமைப்பது இன்று பெரிய வேலை அன்று. அரசாங்க மானியம் இருக்கிறது. அமைத்துத் தர நிறுவனங்கள் பல இருக்கின்றன. ஆயத்த வடிவமைப்புகளும் மலிவாகக் கிடைக்கின்றன. மளிகைக் கடையோ, நகைக் கடையோ, துணிக்கடையோ சில வாரங்களில் இணையத்தில் கதவைத் திறந்துவிடலாம்.

சிரமம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இரண்டாம் ஆண்டு முகவரிக் கட்டணத்தை யார் செலுத்துவது, விலைப்பட்டியலை யார் மாற்றுவது, தளம் முடங்கினால் யாரை அழைப்பது? இவற்றுக்கு விடை தேடாமல் திறக்கப்படும் தளம் விரைவிலேயே பூட்டிய கடைபோல் ஆகிவிடுகிறது. தீபாவளிக்கு முந்திய நாள் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று பார்க்க வரும் வாடிக்கையாளர் அங்கே பழைய ஆண்டின் அறிவிப்பைக் கண்டால், கடை இன்னும் நடக்கிறதா என்றே ஐயப்படுவார்.

சிறு வணிகங்களின் மின்னிலக்க மாற்றம் பற்றிய பேச்சு பெரும்பாலும் தளம் அமைப்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால், கடையின் பெயரும் பணமும் வாடிக்கையாளர் விவரங்களும் ஆபத்துக்குள்ளாவது பராமரிப்பு தவறும் இடத்தில்தான்.

வாங்குவதற்கு மானியம்

சிறிய, நடுத்தர நிறுவனங்களை மின்னிலக்கமயமாக்கும் முயற்சியை அரசாங்கம் 2017ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் முறைப்படி தொடங்கியது. 2018ல் உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியம் நடப்புக்கு வந்தது. முன்னரே ஒப்புதல் பெற்ற தீர்வுகளை நிறுவனங்கள் வாங்கும்போது செலவில் ஒரு பகுதியை அது ஈடுசெய்கிறது. இணைய விற்பனைத் தளங்களும் அந்தத் தீர்வுகளில் அடங்கும்.

கொவிட்-19 அந்த வேகத்தைக் கூட்டியது. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நீடித்த நோய்ப் பரவல் முறியடிப்புக் காலத்தில் சிராங்கூன் சாலை வெறிச்சோடியது. நேரில் வரும் கூட்டத்தையே நம்பியிருந்த கடைகள் இணையத்துக்கு மாறும் கட்டாயத்துக்கு உள்ளாயின. அந்த ஆண்டு மானிய அளவு 80 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. லஸாடா, ஷாப்பி, கியூ10, அமேசான் போன்ற மின்சந்தைகளில் சேரும் சில்லறை வணிகங்களுக்கு என்டர்பிரைஸ் சிங்கப்பூர் தனியாக ஓர் உதவித் தொகுப்பையும் அறிவித்தது. தகுதிபெறும் செலவில் 90 விழுக்காடு, அதிகபட்சம் 9,000 வெள்ளி வரை அது வழங்கியது.

நெருக்கடி தணிந்ததும் மானிய விகிதம் படிப்படியாகக் குறைந்து, 2023 ஏப்ரலிலிருந்து 50 விழுக்காடாக உள்ளது. அதுவும் முதலில் நிறுவனம் பணம் செலுத்திவிட்டுப் பின்னர் திரும்பக் கோர வேண்டிய தொகை.

இத்திட்டங்கள் பயனுள்ளவை என்பதில் ஐயமில்லை. ஆனால், அவற்றின் நோக்கம் ஒரு தீர்வை வாங்கி நிறுவ உதவுவது. மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு பராமரிப்பு கடைக்காரரின் சொந்தச் செலவு. அடுப்பு வாங்கும்போதே எரிவாயுச் செலவையும் கணக்கில் கொள்ளும் உணவகக்காரர், இணையத்தளத்துக்கு மட்டும் முதல் செலவோடு கணக்கை முடித்துவிடுகிறார்.

வாடகை இடமும் சொந்த இடமும்

தனி இணையத்தளம் எதற்கு, ஃபேஸ்புக் பக்கமும் வாட்ஸ்அப் எண்ணும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பூச்சரம் கட்டி அன்றாடம் விற்கும் கடைக்கு கூகல் வரைபடத்தில் சரியான நேரமும் தொலைபேசி எண்ணும் இருந்தால் போதுமானதாக இருக்கலாம். தேவையில்லாத தளத்தைக் கட்டிக் கவனிக்காமல் விடுவதைவிட, கட்டாமல் இருப்பதே நல்லது.

ஆனால், பிறர் தரும் இடத்தை மட்டுமே நம்புவதில் உள்ள ஆபத்தை 2024ஆம் ஆண்டு இரண்டு முறை காட்டியது.

கூகல் வணிகப் பக்கத்தின் வழியாகச் சிறு நிறுவனங்கள் இலவசமாக உருவாக்கியிருந்த எளிய இணையத்தளங்களை அந்நிறுவனம் 2024 மார்ச்சில் உலகெங்கும் மூடியது. அந்த முகவரியை அட்டைகளிலும் பைகளிலும் அச்சிட்டிருந்தவர்களுக்கு ஜூன் வரை மட்டுமே அவகாசம். அதற்குப் பின் அந்த முகவரிகள் வேலை செய்யவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில், கியூ10 மின்சந்தை தனது கட்டணச் சேவைகளை நிறுத்த வேண்டும் என்று சிங்கப்பூர் நாணய ஆணையம் உத்தரவிட்டது. விற்ற பொருளுக்குப் பணம் வரவில்லை என்று வணிகர்கள் புகார் செய்ததே அதன் பின்னணி. நவம்பரில் நிறுவனத்தைக் கலைக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. வர வேண்டிய பணத்தோடு, அங்கு பல ஆண்டுகளாகச் சேர்ந்த வாடிக்கையாளர் மதிப்புரைகளும் விற்பனையாளர்களின் கையைவிட்டுப் போயின.

மின்சந்தை என்பது வாடகைக் கடை. கூட்டம் வரும். ஆனால், விதிகளை மாற்றுவதும் கதவை மூடுவதும் உரிமையாளர் விருப்பம். சிராங்கூன் சாலைக் கடைவீடுகளின் வாடகை உயர்வை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சொந்த முகவரியில் இயங்கும் தளம் சிறியதாக இருந்தாலும், வாடிக்கையாளர் தேடி வரும் இடம் கடையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

சாவி யார் கையில்?

அந்தக் கட்டுப்பாடு உண்மையில் கடைக்காரரிடம்தான் இருக்கிறதா என்பதே அடுத்த கேள்வி.

ஓர் இணையத்தளம் பல பகுதிகளால் ஆனது. முதலாவது இணைய முகவரி, அதாவது டொமைன். அதை விலைக்கு வாங்குவதாகச் சொன்னாலும் உண்மையில் அது ஆண்டுக் கட்டணத்தில் பதிந்துகொள்ளும் உரிமை. அடுத்தது தளத்தின் கோப்புகள் தங்கியிருக்கும் ஹோஸ்டிங் எனும் கணினி இடம். மூன்றாவது தளத்தை இயக்கும் மென்பொருள். நான்காவது, வருபவரின் கணினிக்கும் தளத்துக்கும் இடையிலான தொடர்பை மறையாக்கும் பாதுகாப்புச் சான்றிதழ். கடைசியாகப் படங்கள், விலைகள், விவரங்கள்.

இவை ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு, தனி மறைச்சொல், தனிக் காலாவதித் தேதி உண்டு. சிறு கடைகளில் இவை அனைத்தும் தளத்தை அமைத்தவர் பெயரிலேயே இருந்துவிடுவது எளிது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் அக்காள் மகன் அமைத்துக் கொடுத்திருக்கலாம். அவர் தேசிய சேவைக்குச் சென்றதும் புதுப்பிப்பு நினைவூட்டல்கள் யாரும் திறந்து பார்க்காத மின்னஞ்சலுக்குப் போகும். தளத்தை அமைத்த சிறு நிறுவனமே தொழிலை மூடிவிட்டிருக்கலாம். தகராறு ஒன்று வந்தால் கடையின் பெயர் எதிர்த்தரப்பின் கையில் இருக்கும்.

சிங்கப்பூரின் சொந்த முகவரிகளில் ஓரளவு பாதுகாப்பு உள்ளது. ‘.காம்.எஸ்ஜி’ முகவரியை இங்கே பதிவுபெற்ற வணிக அமைப்புகளே பெற முடியும். ‘.எஸ்ஜி’ முகவரிகளுக்குப் பொறுப்பான எஸ்ஜிநிக் பதிவகம், 2013 முதல் ஒவ்வொரு பதிவுக்கும் நிர்வாகத் தொடர்பாளர் ஒருவர் சிங்பாஸ் வழியாகத் தம்மை உறுதிசெய்ய வேண்டும் என்ற விதியை நடைமுறைப்படுத்துகிறது. உறுதிசெய்யாவிட்டால் முகவரி முடக்கப்படும்.

அந்தத் தொடர்பாளர் யார் என்பதைக் கடைக்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முகவரியின் பதிவுரிமை கடையின் பெயரில் இருக்கிறதா, நினைவூட்டல்கள் கடையின் மின்னஞ்சலுக்கு வருகின்றனவா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். பார்க்காமல் காலாவதியான முகவரியை வேறொருவர் பதிந்துகொள்ளலாம். பல ஆண்டுகள் நம்பிக்கையோடு நினைவில் நின்ற பெயரில் சூதாட்ட விளம்பரமோ மோசடிப் பக்கமோ தோன்றும். அதைத் திரும்பப் பெறுவது செலவும் அலைச்சலும் மிக்கது.

தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது

கடையின் கூரை ஒழுகினால் தரை நனையும், உடனே தெரியும். இணையத்தளத்தின் பழுது அப்படித் தெரிவதில்லை.

சிறு தளங்கள் பல வேர்ட்பிரஸ் போன்ற இலவச மென்பொருளின்மீது, பலர் தனித்தனியாக எழுதிய இணைப்பு மென்பொருள்களைச் சேர்த்துக் கட்டப்படுகின்றன. அவற்றில் ஓட்டைகள் கண்டறியப்படும்போது திருத்தங்கள் வெளிவரும். திருத்தத்தை நிறுவாத தளங்களைத் தேடிக் கண்டுபிடிக்கத் தானியங்கி நிரல்கள் இணையம் முழுவதும் அலைகின்றன. “எங்கள் சின்னக் கடையை யார் தாக்கப் போகிறார்கள்?” என்ற நம்பிக்கை இங்கே உதவாது. நிரலுக்குப் பெரிய கடை, சின்னக் கடை என்ற வேறுபாடு தெரியாது.

சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கின்படி, 2019ல் 873 சிங்கப்பூர் இணையத்தளங்கள் உருமாற்றப்பட்டன. 2020ல் அந்த எண்ணிக்கை 495. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை சிறிய, நடுத்தர நிறுவனங்களின் தளங்கள்.

உருமாற்றப்பட்ட தளமாவது கண்ணில் படும். வெளியே எதுவும் மாறாததுபோல் இருக்கும் ஊடுருவல் அதைவிடக் கெட்டது. பணம் செலுத்துவதற்காகத் தளத்தில் வைத்திருக்கும் பேநவ் கியூஆர் படத்தை மட்டும் ஒருவர் மாற்றிவிட்டால், பொருளுக்கான பணம் வேறு கணக்குக்குப் போகும். வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டதாகச் சொல்வார், கடைக்காரர் வரவில்லை என்பார். நடுவில் அறுந்துபோவது பல ஆண்டு உறவு.

பாதுகாப்புச் சான்றிதழும் கவனம் தேவைப்படும் ஒன்று. 2018 ஜூலையிலிருந்து, மறையாக்கம் இல்லாத எல்லாத் தளங்களையும் ‘பாதுகாப்பற்றது’ என்று குரோம் உலாவி காட்டத் தொடங்கியது. சான்றிதழ் காலாவதியானாலோ எச்சரிக்கைப் பக்கமே முதலில் தோன்றும். அண்மைக் காலம் வரை 398 நாள் வரை செல்லுபடியான சான்றிதழ்களின் ஆயுளை, 2029 மார்ச்சுக்குள் 47 நாளாகக் குறைக்க உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் முடிவுசெய்தன. ஆண்டுக்கு ஒருமுறை கையால் புதுப்பிக்கும் வழக்கம் இனிச் செல்லாது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு ஹோஸ்டிங் சேவையில் உள்ளதா என்று இப்போதே கேட்பது நல்லது.

தொழில்நுட்பத்துக்கு அப்பாற்பட்ட தேய்மானமும் உண்டு. பொருள் சேவை வரி 2023ல் 8 விழுக்காடாகவும் 2024ல் 9 விழுக்காடாகவும் உயர்ந்தது. வரிக்குப் பதிவுசெய்த கடைகள் வரியையும் உள்ளடக்கிய விலையைக் காட்ட வேண்டும். கடை அலமாரியில் விலைச்சீட்டை மாற்றியவர்கள் தளத்தில் மாற்ற மறந்திருந்தால், இணையத்தில் ஒரு விலை, கல்லாவில் ஒரு விலை என்றாகிவிடும்.

பொறுப்பை ஒப்படைக்க முடியாது

“அதையெல்லாம் தளம் அமைத்தவர் பார்த்துக்கொள்வார்” என்பது பரவலான எண்ணம். சட்டம் அதை ஏற்பதில்லை.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய விதிகள் 2014 ஜூலை 2ஆம் தேதி நடப்புக்கு வந்தன. பெயர், தொலைபேசி எண், வீட்டு முகவரி கேட்டு ‘ஆர்டர்’ எடுக்கும் தளம் எதுவாக இருந்தாலும் இச்சட்டத்துக்கு உட்பட்டது. ஒவ்வொரு நிறுவனமும் தரவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒருவரையாவது நியமிக்க வேண்டும். சிறு கடையில் அது உரிமையாளராகவே இருக்கலாம்.

சட்டம் எப்படிச் செயல்படும் என்பதைக் ‘கே பாக்ஸ்’ கரவோக்கே நிறுவனத்தின் வழக்கு காட்டியது. 2014ல் அதன் வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய 317,000 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்தன. பலவீனமான மறைச்சொற்களும், பயன்பாட்டில் இல்லாதபோதும் நீக்கப்படாத நிர்வாகிக் கணக்கும் விசாரணையில் சுட்டப்பட்ட குறைகளில் அடங்கும். தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2016ல் அந்நிறுவனத்துக்கு 50,000 வெள்ளியும், அதன் தகவல் தொழில்நுட்பக் கட்டமைப்பைக் கவனித்த ஒப்பந்த நிறுவனத்துக்கு 10,000 வெள்ளியும் அபராதம் விதித்தது.

வேலையை வெளியாரிடம் கொடுத்திருந்த நிறுவனத்துக்கே பெரிய தொகை. வேலையை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது என்பதே அதன் பொருள்.

அதன் பிறகு விதிகள் இன்னும் கடுமையாகிவிட்டன. 2021 பிப்ரவரியிலிருந்து, 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரைப் பாதிக்கும் தரவுக் கசிவு உறுதியானால் 3 நாள்களுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பண்டிகைக் காலப் பலகார ‘ஆர்டர்’களைச் சில ஆண்டுகள் சேர்த்து வைத்திருக்கும் கடையின் பட்டியலில் 500 பெயர்கள் எளிதில் சேர்ந்துவிடும். தேவை முடிந்த விவரங்களை அழிப்பது செலவில்லாத பாதுகாப்பு.

தமிழுக்கு ஓர் இடம்

லிட்டில் இந்தியா கடைகளுக்கு மட்டுமே உரிய ஒரு வாய்ப்பும் இதில் இருக்கிறது.

இணையத்தில் தமிழ் ஏறிய வரலாற்றில் சிங்கப்பூருக்குத் தனி இடம் உண்டு. 1995 அக்டோபரில், அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் நான்கு மொழிகளிலான சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு இணையத்தளத்தைத் தொடங்கிவைத்தார். அதில் தமிழை எழுத்துகளாகவே திரையில் காட்டும் பணியைச் செய்தவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா.கோவிந்தசாமி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயும் அம்முயற்சியில் துணைநின்றார். 1997ல் தமிழ் இணைய மாநாடும் இங்கு நடந்தது.

2011ல் ‘.சிங்கப்பூர்’ என்ற தமிழ் முகவரி விகுதி உலக இணைய முகவரி அமைப்பில் இடம்பெற்றது. கடையின் பெயரை முழுவதும் தமிழில் எழுதி அதையே இணைய முகவரியாகப் பதிய முடியும். எல்லா மின்னஞ்சல் சேவைகளும் படிவங்களும் தமிழ் முகவரியை ஏற்பதில்லை என்பதால், அதை முதன்மை முகவரிக்கு இட்டுச்செல்லும் இரண்டாவது பெயர்ப்பலகையாக வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது.

முகவரியைவிட முக்கியமானது உள்ளடக்கம். தமிழ் அறிவிப்புகளைச் சுவரொட்டிப் படமாக மட்டுமே ஏற்றும் வழக்கம் உள்ளது. படத்தில் உள்ள எழுத்தைத் தேடுபொறி எப்போதும் சரியாகப் படிப்பதில்லை. பார்வைக் குறைபாடு உள்ளோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் செயலிக்கும் அது எட்டாது. அதே செய்தியை யூனிகோட் எழுத்தில் இரண்டு வரி தட்டச்சு செய்தால், ‘வெட்டிவேர்’ என்றோ ‘கருப்பட்டி’ என்றோ தமிழில் தேடுபவர் கடையைக் கண்டடைய வழி பிறக்கும். மொழிபெயர்ப்புச் செயலியின் தமிழை அப்படியே ஒட்டிவிட்டு ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காமல் விடுவது அந்தப் பயனைக் கெடுத்துவிடும்.

சேர்ந்து பராமரிக்கலாம்

தனிக் கடை ஒவ்வொன்றும் தகவல் தொழில்நுட்ப ஊழியரை வைத்துக்கொள்ள முடியாது. ஆனால், ஒரே தெருவில் உள்ள பத்துக் கடைகள் சேர்ந்து ஒரு பராமரிப்பாளரை மாதக் கட்டணத்துக்கு அமர்த்த முடியும். தீபாவளி ஒளியூட்டு, பொங்கல் கொண்டாட்டம் ஆகியவற்றை ஒருங்கிணைக்கும் லிட்டில் இந்தியா கடைக்காரர்கள் மரபுடைமைச் சங்கமான லிஷா, சிங்கப்பூர் இந்தியர் வர்த்தக தொழிற்சபை போன்ற அமைப்புகள் இத்தகைய கூட்டு ஒப்பந்தத்தைப் பேசி முடிக்க ஏற்றவை. ஒருவரின் அறியாமையைப் பயன்படுத்தி அதிக விலை சொல்பவர், பத்துப் பேர் சேர்ந்து கேட்கும்போது யோசிப்பார்.

மானியக் கொள்கையிலும் சிந்திக்க இடமுண்டு. எத்தனை கடைகள் தளம் அமைத்தன என்பதோடு, மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதையும் அளந்தால், உதவி தேவைப்படும் இடம் தெளிவாகத் தெரியும். புதுத் தளத்துக்குத் தரும் தொகையில் ஒரு பங்கை இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பராமரிப்புக்கு ஒதுக்குவது பயன்தரும் வழியாக இருக்கலாம்.

அதுவரை காத்திராமல் கடைக்காரர்கள் செய்யக்கூடியவை உள்ளன. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்னர், முகவரி யார் பெயரில் பதியப்படும், ஆண்டுச் செலவு மொத்தம் எவ்வளவு, திருத்தங்களை யார் எத்தனை நாள்களுக்குள் நிறுவுவார், பிரதி எங்கே எடுத்து வைக்கப்படும், ஒப்பந்தம் முடிந்தால் கோப்புகள் அனைத்தும் கைக்கு வருமா என்பவற்றை எழுத்தில் பெறலாம். இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022ல் தொடங்கிய இணையச் சுகாதாரத் தளத்தில் கடையின் முகவரியைத் தட்டினால், அடிப்படைப் பாதுகாப்பில் எது குறைகிறது என்று கட்டணமின்றித் தெரிந்துகொள்ளலாம்.

கணக்குகள், மறைச்சொற்கள், காலாவதித் தேதிகள் ஆகியவற்றைக் கொண்ட பட்டியல் ஒன்றைக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் தெரியும் பாதுகாப்பான இடத்தில் வைப்பதும் அவசியம். லிட்டில் இந்தியாவின் பழைய கடைகள் பல அடுத்த தலைமுறையின் கைக்கு மாறும் காலம் இது. கடைச் சாவியையும் வங்கிக் கணக்கையும் ஒப்படைக்கும் நாளில், அந்தப் பட்டியலும் சேர்ந்து கைமாற வேண்டும்.